கோல் காவலரின் கவசம்: தேர்ந்தெடுத்தலும் பழக்கப்படுத்தலும்

(மலாக்கா, புலாவ் செபாங் வட்டாரத் தோட்ட இளைஞர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாலை வேளைகளில் தோட்டத் திடலில் ஹாக்கி ஆட்டம் தொடங்குமுன் நிகழும் ஒன்றை நாம் அனைவரும் அறிவோம். முன்வரிசையில் நின்று கோல் அடிக்கப் பத்துப் பேர் முந்துவர். கோல் காக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டால் திடலில் அமைதி நிலவும். முடிவில், வயதில் சிறியவனோ, ஓட்டத்தில் பின்தங்கியவனோ, மறுத்துப் பேசத் தெரியாதவனோ அங்கே கொண்டுபோய் நிறுத்தப்படுவான். பழைய கிரிக்கெட் பேட் ஒரு சோடி அவன் காலில் கட்டப்படும். அதன் வார் ஒன்று அறுந்திருக்கும். அவ்விடத்தில் கயிறு முடிச்சிடப்பட்டிருக்கும். தலைக்கு ஒன்றும் இராது. தொண்டைக்கும் ஒன்றும் இராது. அந்தப் பையன் பந்து வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டால், "பயந்தாங்கொள்ளி" என்று நாம் நகைப்போம்.

அவன் கோழை அல்லன். ஆபத்தை உள்ளபடி உணர்ந்தவன். நகைப்பதை விடுத்து அவனுக்கு நாம் செய்யவேண்டியது என்ன என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். கோல் காவலருக்குரிய கவசங்களை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, புதிய கவசத்தை உடம்போடு எவ்வாறு பழக்கப்படுத்துவது, பின்னர் அதனை எவ்வாறு பேணுவது என்பனவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பந்தின் எடையும் வேகமும்

ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை இருக்கவேண்டும் என்பது அனைத்துலக விதி. கையில் எடுத்தால் பெரிதாகத் தோன்றாது. ஆனால் அது கல்லைப் போன்று கெட்டியானது. கோலைச் சுற்றியுள்ள அரைவட்டத்தின் கோடு, கோல் கோட்டிலிருந்து 14.63 மீட்டர் தொலைவில் இருக்கிறது. தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் பெனால்டி கார்னரில் பந்தை இழுத்து எறியும்போது அது மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லும். கணக்கிட்டுப் பார்த்தால், அவ்வளவு தொலைவைக் கடக்க அப்பந்து எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறத்தாழ அரை வினாடிதான். நாம் இமை மூடித் திறப்பதற்கும் அதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

முற்காலத்தில் நிலைமை சற்று வேறாக இருந்தது. ஆட்டம் புல் திடலில் நடந்தது. புல் பந்தின் வேகத்தைக் குறைத்தது. கோல் காவலர்கள் பிரம்புக் கீற்றுகளை வரிசையாக வைத்து, பஞ்சு அடைத்து, கித்தானால் தைத்த பேட்களைக் கட்டினர். தலைக்கவசமின்றியே பலர் விளையாடினர். 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் இந்தியா வெண்கலம் வென்றபோது அந்தக் குழுவில் கோல் காவலராக இருந்த, கேரளத்தின் கண்ணூரைச் சேர்ந்த மானுவல் ஃபிரடெரிக் அக்காலத்தவர். நம் நாட்டில் 1975ஆம் ஆண்டு மார்ச் மாதம் உலகக் கிண்ணப் போட்டி நடைபெற்றதும், அதில் மலேசியக் குழு அரையிறுதியில் இந்தியாவிடம் கூடுதல் நேரத்தில் 3-2 என்ற கணக்கில் தோற்று, நான்காவது இடத்தைப் பெற்றதும் முதியவர்களின் நினைவில் இருக்கும். அதுவும் புல் திடல் காலமே.

அடுத்த ஆண்டு, 1976இல், மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் திடலில் ஹாக்கி ஆடப்பட்டது. அதன்பின் ஆட்டத்தின் தன்மையே மாறிற்று. வழுவழுப்பான திடலில் பந்து விரைந்தது. பிரம்புப் பேட்கள் அந்த வேகத்திற்கு ஈடுகொடுக்கவில்லை. 1980களில் கெட்டி நுரையால் செய்த கவசங்கள் பரவத் தொடங்கின. பழைய பேட்டில் பட்ட பந்து காலடியிலேயே விழும். எதிரணியினர் அதனை மீண்டும் அடிப்பர். கெட்டி நுரையில் பட்ட பந்தோ துள்ளி அப்பால் செல்லும். கவசம் உடம்பைக் காத்ததோடு ஆட்டத்திற்கும் துணை செய்யத் தொடங்கியது.

நம் பக்கத்து ஊர்க்காரர்

புலாவ் செபாங் மலாக்காவில் இருக்கிறது. தம்பின் நெகிரி செம்பிலானில் இருக்கிறது. எனினும் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிய ஊர்கள். நம் ரயில் நிலையத்தின் பலகையிலேயே இரண்டு பெயர்களும் சேர்ந்து நிற்கின்றன. அந்தத் தம்பினில் 1979ஆம் ஆண்டு பிறந்தவர்தாம் மலேசியக் குழுவின் கோலைப் பல்லாண்டுகள் காத்த எஸ். குமார். 2010ஆம் ஆண்டு குவாங்சோ ஆசிய விளையாட்டில் மலேசியா வெள்ளிப் பதக்கம் பெற்ற குழுவில் அவர் இருந்தார். எட்டாண்டுகள் கழித்து, 2018இல் ஜகார்த்தாவில், அரையிறுதியில் இந்தியாவோடு ஆட்டம் 2-2 எனச் சமநிலையில் முடிந்து, கோல் காவலரும் தாக்குபவரும் ஒருவருக்கொருவர் எதிர்நிற்கும் தீர்வாட்டத்திற்குச் சென்றது. அதில் மலேசியா 7-6 என வென்றபோது கோலில் நின்றவர் அவரே. அப்போது அவருக்கு வயது 38. முன்வரிசை ஆட்டக்காரர்கள் பலர் ஓய்வு பெற்றுவிடும் வயது அது. உடம்பைக் காத்துக்கொண்ட கோல் காவலர் நீண்ட நாள் ஆடலாம் என்பதற்கு நம் அருகிலேயே சான்று இருக்கிறது.

கடல் கடந்து மற்றொரு சான்றையும் கூறுவோம். கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தின் கிழக்கம்பலம் என்னும் ஊரில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் பி.ஆர். ஸ்ரீஜேஷ். திருவனந்தபுரத்தில் விளையாட்டுப் பள்ளியில் பயின்றபோது, கோல் காவலருக்குரிய பேட் வாங்குவதற்காக அவருடைய தந்தையார் வீட்டுப் பசுவை விற்றார். அந்த மகன் பின்னர் இந்தியாவின் கோலைக் காத்து, 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கிலும் 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் வெண்கலப் பதக்கம் பெற்றார். பாரிஸ் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக அவருடைய குழு நெடுநேரம் ஓர் ஆள் குறைவாக ஆடியும், தீர்வாட்டத்தில் வெற்றி கண்டது.

பசு கறந்து பால் விற்றுக் குடும்பச் செலவைச் சமாளிக்கும் வழக்கம் தோட்டத்தில் வாழ்ந்த நமக்குப் புதியது அன்று. பசுவை விற்பது என்றால் என்ன என்பதை நம் தாய்மார்கள் அறிவார்கள். ஒரு தனிக் குடும்பம் அத்தகைய சுமையைத் தாங்கவேண்டிய நிலை நம்மிடையே வரலாகாது. அதைப் பற்றி இறுதியில் பேசுவோம்.

எவ்வெவை தேவை

ஆட்ட விதிகளின்படி கோல் காவலர் அணிந்தே தீரவேண்டியவை மூன்று: தலைக்கவசம், கால் பேட், பாதத்தின் மேல் கட்டும் கிக்கர். இவை குறைந்த அளவுத் தேவை மட்டுமே. உடம்பின் மற்ற இடங்களைப் பந்து விட்டுவைப்பதில்லை. ஆகவே தொண்டைக்குரிய கழுத்துக் காப்பு, மார்பும் தோளும் மறையும் மார்புக் கவசம், முழங்கைக் காப்பு, இரு கைகளுக்கும் உரிய கைக்காப்பு, அடிவயிற்றின் கீழ் அணியும் கார்ட், தொடையையும் இடுப்பையும் மறைக்கும் தடித்த காற்சட்டை ஆகியனவும் வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு அவர்கள் உடலமைப்புக்கு ஏற்ற மார்புக் கவசமும் கார்டும் தனியாகக் கிடைக்கின்றன; அவற்றையே வாங்கவேண்டும்.

கையில் பணம் குறைவு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க இயலாது என்றால், எதை முதலில் வாங்குவது என்ற கேள்வி எழும். உயிருக்கும் உறுப்புக்கும் ஆபத்து விளையும் இடங்களை முதலில் எண்ணவேண்டும். தலைக்கவசம், கழுத்துக் காப்பு, கார்ட் ஆகிய மூன்றும் முன்னால் நிற்கட்டும். அடுத்துக் கிக்கரும் கால் பேட்டும். அதன்பின் மார்புக் கவசமும் கைக்காப்பும். தொகுப்பு முழுமை பெறும்வரை அந்தப் பிள்ளைக்கு எதிராகக் கெட்டிப் பந்தை ஓங்கி அடிக்கலாகாது. டென்னிஸ் பந்தைக்கொண்டு பயிற்சி நடக்கட்டும். அதனால் ஆட்டம் கெட்டுப்போகாது. கண்ணும் காலும் பழகும்.

மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது அணியும் தலைக்கவசத்தை இதற்குப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்பதுண்டு. பயன்படுத்தலாகாது. அதன் முன்கண்ணாடி பந்து பட்டால் நொறுங்கக்கூடும். கீழே காலடியில் கிடக்கும் பந்தைக் குனிந்து பார்க்கவும் அது இடம் தராது. ஹாக்கிக்குரிய தலைக்கவசத்தில் முகத்திற்கு முன் கம்பி வலை இருக்கும். பார்வையும் தடைப்படாது, பந்தும் உட்புகாது.

அளவே முதன்மை

கவசம் வாங்கச் செல்பவர் முதலில் கேட்பது விலை. அடுத்துக் கேட்பது பெயர் பெற்ற சரக்கா என்பது. இவ்விரண்டுக்கும் முன்னதாகக் கேட்கவேண்டியது அளவு. பள்ளிச் சீருடை வாங்கும்போது, "வளரும் பிள்ளை, இரண்டங்குலம் கூடுதலாக இருக்கட்டும்" என்று நாம் வாங்குவது வழக்கம். உடைக்கு அது சரி. கவசத்திற்கு அது பெருந்தவறு. நீண்ட பேட் தொடையில் இடித்து நடையைக் கெடுக்கும். ஓடும்போது ஒன்றன்மேல் ஒன்று உரசித் தடுக்கிவிடும்.

ஒரு கணக்கைக் கூறுவோம். கோலின் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர். கால் பேட் ஒவ்வொன்றும் அணிந்த நிலையில் 300 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக இருக்கக்கூடாது என்பது விதி. இரண்டையும் சேர்த்து வைத்தாலும் 60 சென்டிமீட்டர்தான். அதாவது கோலின் அகலத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. எஞ்சிய ஐந்து பங்கையும் காப்பது காலின் விரைவே. ஆகவே நடையைத் தடுக்கும் கவசம் எவ்வளவு விலை உயர்ந்ததாயினும் கோலைக் காக்காது.

அளவு பார்க்கும் முறை எளியது. பிள்ளை தான் விளையாடும்போது அணியும் காலணியோடு கடைக்குச் செல்லவேண்டும். முதலில் கிக்கரை மாட்டவேண்டும். அது காலணியின் முன்புறத்தையும் இரு பக்கங்களையும் இறுகத் தழுவி நிற்கவேண்டும். அதன் வார் காலணியின் அடியில் படிந்து செல்லவேண்டும். பின்னர் கால் பேட்டைக் கட்டவேண்டும். பேட்டின் அடிப்பகுதி கிக்கரின் மேல் அமரவேண்டும். இரண்டுக்கும் இடையே கணுக்கால் தெரியுமானால் அளவு தவறு. பேட்டின் மடிப்பு முழங்காலுக்கு நேரே வரவேண்டும். அதன் மேற்பகுதி முழங்காலைக் கடந்து தொடையின் கீழ்ப்பாகத்தையும் மறைக்கவேண்டும். கொக்கிகள் காலின் வெளிப்பக்கம் இருக்கவேண்டும். உட்பக்கம் இருந்தால் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். இடக்கால், வலக்கால் என்று குறியிட்டிருப்பதை மாற்றிக் கட்டலாகாது.

இவ்வாறு அணிந்தபின் பிள்ளையைக் கடையிலேயே குந்தி எழச் சொல்லவேண்டும். பக்கவாட்டில் பத்து அடி எடுத்துவைக்கச் சொல்லவேண்டும். ஒற்றைக்காலைத் தூக்கிப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லவேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

தலைக்கவசத்தை அணிந்து தலையை இடமும் வலமும் ஆட்டிப் பார்க்கவேண்டும். தலையோடு சேர்ந்து அதுவும் திரும்பவேண்டும். தலை ஒருபுறமும் கவசம் ஒருபுறமும் செல்லலாகாது. கம்பி வலை மூக்கையோ தாடையையோ தொடலாகாது. கழுத்துக் காப்பைக் கட்டியபின் குனிந்து தன் காலடியைப் பார்க்கமுடிகிறதா என்று பார்க்கவேண்டும்.

கைக்காப்பு இரண்டும் ஒன்றுபோல் இரா. இடக்கைக்குரியது தட்டையான பலகை போன்றது. பந்தைத் தடுத்துத் தள்ள உதவுவது. வலக்கைக்குரியதில் கோலைப் பிடிக்க வழி இருக்கும். வலக்கைக் காப்போடு கோலைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தே வாங்கவேண்டும்.

நுரையைச் சோதித்தல்

ரப்பர்ப் பாலோடு வாழ்ந்த நமக்கு நுரையைப் பற்றி அதிகம் விளக்கவேண்டியதில்லை. மெத்தைக்கும் தலையணைக்கும் பயன்படும் பஞ்சு நுரையில் கண்கள் திறந்திருக்கும். அழுத்தினால் காற்று வெளியேறி அமுங்கிவிடும். அதில் பட்ட பந்து எலும்பு வரை செல்லும். கவசத்திற்குரிய கெட்டி நுரை நெகிழிப் பொருளால் ஆனது. அதன் நுண்ணறைகள் மூடியிருக்கும். உள்ளே அடைபட்ட காற்றே அடியைத் தாங்கிக்கொள்கிறது. பெருவிரலால் அழுத்திப் பார்த்தால் இரண்டின் வேறுபாடும் தெரிந்துவிடும். மலிவாகக் கிடைக்கிறது என்று மெத்தை நுரையை உறையிட்டுத் தைத்ததை வாங்கி ஏமாறலாகாது.

பிறர் பயன்படுத்திய கவசத்தை வாங்குவதில் இழுக்கில்லை. நல்ல நிலையிலுள்ள பழைய கவசம் தரமற்ற புதிய கவசத்தினும் மேலானது. ஆயினும் சில சோதனைகள் வேண்டும். நுரையைப் பெருவிரலால் அழுத்தி விடவேண்டும். குழி மறையாமல் நின்றால் அந்த நுரை உயிரற்றது. மடிப்புகளில் வெள்ளைக் கோடுகளாக விரிசல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வார்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கவேண்டும். வார் அறுந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். நுரை செத்திருந்தால் மாற்ற வழியில்லை. தலைக்கவசத்தில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை தேவை. மயிரிழை விரிசல் இருந்தாலும், கம்பி வளைந்திருந்தாலும், அதனை விலையின்றிக் கொடுத்தாலும் வாங்கலாகாது. கார்டை ஒருவருக்கொருவர் மாற்றி அணிவது சுகாதாரத்திற்கு ஏற்றதன்று. அதனை ஒவ்வொருவரும் சொந்தமாக வைத்துக்கொள்ளவேண்டும்.

உடம்போடு பழக்கப்படுத்துதல்

புதிய உளியைக் கையில் வாங்கியவுடன் எவரும் நல்ல மரத்தில் வெட்டிப் பார்ப்பதில்லை. தீட்டி, கைக்குப் பழக்கி, பட்டையின் ஆழம் அறிந்த பின்னரே நிரைக்குச் செல்வோம். புதிய கவசமும் அத்தகையதே. வாங்கிய மறுநாளே போட்டியில் இறங்கினால் இறுக்கமான நுரை காலைத் தடுக்கும், கோல் விழும், பிள்ளை கவசத்தின்மேலும் தன்மேலும் நம்பிக்கை இழப்பான்.

முதல் வாரம் பந்தே வேண்டாம். நாள்தோறும் அரை மணி நேரம் வீட்டு வாசலில் முழுக் கவசத்தோடு நடக்கட்டும், குந்தட்டும், பக்கவாட்டில் நகரட்டும். கிக்கரின் ஓரங்களைக் கையால் மெல்ல வளைத்து இளக்கலாம். ஓரிரு நாட்களில் வார்கள் சற்றுத் தளரும், மீண்டும் இறுக்கவேண்டும். எந்தத் துளையில், எந்த இறுக்கத்தில் நன்றாக இருக்கிறது என்பதை மையால் குறித்துவைத்தால் அவசரத்தில் உதவும். சதையில் உரசிச் சிவக்கும் இடங்களைக் கவனித்து, நீண்ட காலுறை அணிந்து சரிசெய்யவேண்டும்.

இரண்டாம் வாரம் டென்னிஸ் பந்தைக் கையால் எறிந்து, காலால் தட்டி வெளியே அனுப்பப் பழகவேண்டும். பந்து கிக்கரின் எந்தப் பகுதியில் பட்டால் எத்திசையில் செல்கிறது என்பதைக் கால் அறிந்துகொள்ளும். மூன்றாம் வாரம் ஹாக்கிப் பந்தை மெல்லத் தள்ளி அனுப்பலாம். நான்காம் வாரம் தொலைவிலிருந்து அடிக்கலாம்; பிள்ளை முகத்தைத் திருப்பாமல் பந்தையே பார்த்து நிற்கிறானா என்று கவனிக்கவேண்டும். திருப்புகிறான் என்றால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். ஒரு படி இறங்கி மீண்டும் தொடங்கவேண்டும். ஏளனம் செய்தல் கூடாது.

அணியும் வரிசையையும் பழகவேண்டும். முதலில் கார்ட், தடித்த காற்சட்டை, பின்னர் காலணி, கிக்கர், கால் பேட், அதன்பின் மார்புக் கவசமும் முழங்கைக் காப்பும், அதன்மேல் சட்டை, பின்னர் கழுத்துக் காப்பு, தலைக்கவசம், கடைசியாகக் கைக்காப்பு. இவ்வரிசையில் பழகியவர் பதற்றமின்றித் தாமே அணிந்துகொள்வார்.

புதிய கவசத்தை இளக்குவதற்காக அதைக் கட்டையால் அடிப்பதும், வெந்நீரில் ஊறவைப்பதும், வெயிலில் காயவைப்பதும் சிலரிடையே காணப்படும் பழக்கங்கள். மூன்றும் கேடானவை. பழைய தோல் பொருள்களுக்குப் பொருந்திய முறைகள் நுரைக்குப் பொருந்தா. உடம்பின் அசைவே அதை இளக்கும்.

பேணும் முறை

ஆட்டம் முடிந்ததும் கவசங்களை ஈரத்தோடு பையில் திணித்து மூலையில் எறிந்தால், நம் மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் பூசணம் பூத்துவிடும். ஈரத்துணியால் வியர்வையையும் மண்ணையும் துடைத்து, அழுக்கு மிகுந்தால் சிறிது சவர்க்கார நீர் சேர்த்து, காற்றோட்டமான நிழலில் தொங்கவிடவேண்டும். தகரக் கூரையின்மேல் வெயிலில் போடுவதும், பூட்டிய காருக்குள் நண்பகலில் விட்டுவைப்பதும் நுரையைச் சுருக்கி உருமாற்றிவிடும். புகைக்கூடத்தின் அருகிலும் வைக்கலாகாது. மண்ணெண்ணெய், பெட்ரோல், சாயம் கரைக்கும் எண்ணெய் ஆகியவற்றால் துடைத்தால் ஒட்டிய பசை இளகிவிடும். பாலை உறையவைக்கும் அமிலம் இருக்கும் இடத்திலும் கவசத்தை வைக்கவேண்டாம். எலியும் கரப்பானும் அணுகாதபடி உயரத்தில் தொங்கவிடுவது நல்லது.

நம் தோட்டத் திடல்களில் செம்மண்ணும் மணலும் மிகுதி. அவை கிக்கரின் அடி வாரை உப்புத்தாள்போல் தேய்த்துவிடும். மாதம் ஒருமுறை அதைப் புரட்டிப் பார்த்து, பாதி தேய்ந்தவுடன் மாற்றவேண்டும். முழுவதும் அறுந்தபின் மாற்றலாம் என்று இருந்தால் அது ஆட்டத்தின் நடுவே அறுந்துவிடும். வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு.

குழுவின் பொறுப்பு

இனி, செலவைப் பற்றிப் பேசுவோம். முழுமையான ஒரு தொகுப்பின் விலை ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். உயர்ந்த தரத்திற்குப் பல ஆயிரம் வெள்ளி ஆகும். பால் வெட்டிப் பிழைக்கும் குடும்பம் ஒன்று அதைத் தனியே வாங்குவது கடினம். ஆனால் எண்ணிப் பாருங்கள். திடலில் ஆடும் பதினொருவரில் பத்துப் பேர் கோலும் காலணியும் வாங்கினால் போதும். பதினோராவது பிள்ளை மட்டும், குழு முழுவதற்காகவும் அடி வாங்குபவன், எல்லாரினும் பன்மடங்கு செலவு செய்யவேண்டும் என்பது எவ்வகையில் நியாயம்? கோல் அனைவருக்கும் பொது. அதைக் காக்கும் கவசமும் அனைவருக்கும் பொதுவாக இருக்கவேண்டும்.

ஆகவே ஒவ்வொரு குழுவும் கவசத்தைப் பொதுச் சொத்தாக வாங்கவேண்டும் என்று வேண்டுகிறோம். மாதந்தோறும் சிறு தொகை திரட்டலாம். பள்ளியும் தோட்டமும் ஊர்ச் சங்கமும் இணைந்து ஒரு தொகுப்பை வாங்கலாம். சிறுவர்க்கு ஒன்று, பெரியவர்க்கு ஒன்று என இரண்டு அளவில் இருந்தால் போதும். பிள்ளைகள் வளர வளர அடுத்தவர் கைக்கு அது செல்லும். ஒரு குறிப்பேட்டில், வாங்கிய நாள், மாற்றிய வார், கண்ட பழுது ஆகியவற்றை எழுதிவைக்கவேண்டும். பொறுப்பாளர் ஒருவரை அமர்த்தவேண்டும்.

தோட்டங்களின் நிலை மாறிவருவதை நாம் அறிவோம். பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. பல குடும்பங்கள் லயங்களைவிட்டு நகர்ப்புறம் சென்றுவிட்டன. ஒரே தோட்டத்தில் பதினொருவர் சேராவிட்டால் இரண்டு மூன்று தோட்டங்களும் அருகிலுள்ள குடியிருப்பும் ஒன்றுசேர்ந்து ஒரு குழு அமைக்கலாம். புலாவ் செபாங்கும் தம்பினும் மாநில எல்லையையும் கடந்து ஒரே நிலையத்தைப் பகிர்ந்துகொள்வதுபோல், ஒரு தொகுப்புக் கவசத்தைப் பகிர்ந்துகொள்ள இயலாதா?

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை கோல் காக்க விரும்பினால் அஞ்சித் தடுக்காதீர்கள். என்ன கவசம் கொடுக்கிறார்கள் என்று குழுவினரிடம் கேளுங்கள். தலைக்கும் தொண்டைக்கும் காப்பில்லை என்றால், அவை வரும்வரை கெட்டிப் பந்தின் முன் நிற்கவேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். அவ்வாறு கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்லவேண்டியது குழுவின் கடமை.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. கவசம் அடியைத் தடுப்பதோடு அச்சத்தையும் நீக்குகிறது. அச்சம் நீங்கியவன் பின்வாங்கிக் கோலுக்குள் ஒடுங்கமாட்டான். முன்னே வந்து தாக்குபவனின் வழியை அடைப்பான். ஆனால் அந்தத் துணிவு கடையில் கிடைப்பதன்று. அளவறிந்து தேர்ந்து, நான்கு வாரம் பொறுமையோடு பழகி, உடம்போடு ஒன்றிய கவசமே அதைத் தரும்.

அடுத்த பருவ ஆட்டங்கள் தொடங்குமுன், ஒவ்வொரு குழுவினரும் தங்களிடம் உள்ள கவசங்களை வெளியே எடுத்து, நுரையை அழுத்தி, வாரை இழுத்து, தலைக்கவசத்தைத் திருப்பிப் பார்த்துச் சோதிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பழுதானவற்றை அன்றே ஒதுக்குங்கள். இல்லாதவற்றைப் பட்டியலிடுங்கள். கோலில் நிற்கப்போகும் பிள்ளையையும் அழைத்து அருகில் வைத்துக்கொண்டு அந்தப் பட்டியலை எழுதுங்கள்.